பிள்ளைகளிடம் அத்துமீறுகிற எல்லாருமே பீடோபைல்களா?

இல்லை. பீடோபீலியா என்பது பருவமடையாத பிள்ளைகள்மீது பாலியல் ஈர்ப்பு கொள்ளும் மனநிலை, அத்துமீறல் குற்றம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, இதை ஒரு கோளாறு என்று கணிக்க, பருவமடையாத பிள்ளைகள்மீது தீவிரப் பாலியல் ஈர்ப்பு 6 மாதமாவது தொடர வேண்டும். அவர் அதன்படி நடந்திருக்க வேண்டும், அல்லது அதனால் உளைச்சலோ உறவுச் சிக்கலோ பட வேண்டும். வயது 16 ஆவது ஆகி, பிள்ளையைவிட 5 ஆண்டாவது மூத்திருக்கவும் வேண்டும்.

குற்றவாளிகளில் பலர் இதில் அடங்குவதில்லை. வாய்ப்பு, குடி, எதிர்க்க முடியாதவர்மீது காட்டும் அதிகாரம் என்று காரணங்கள் வேறு. ஈர்ப்பு இருந்தும் யாரையும் தொடாதவர்களும் உண்டு. மனநலச் சிகிச்சை, தேவைப்பட்டால் ஹார்மோனைக் குறைக்கும் மருந்து எல்லாம் அவர்கள் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளத்தான். அதற்காக, "நோய்" என்று சொல்லிக் குற்றத்திலிருந்து தப்பிவிட முடியாது.

சரி, நம் சிங்கப்பூர் வீடுகளுக்கு வருவோம். புளோக்கின் கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் நிற்கும் அந்நியரைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். ஆனால் பெரும்பாலும் செய்வது தெரிந்தவர்தான்: மாமா முறை, டியூஷன் ஆசிரியர், குடும்ப நண்பர். முதலில் சின்னப் பரிசு, அப்புறம் "அம்மாகிட்ட சொல்லாதே". அந்த ரகசியம்தான் எனக்குப் பெரிய எச்சரிக்கை மணி. சந்தேகம் வந்தால் வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000க்கு அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் போலீஸ், 999.