மெட்வடேவும் மீன்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சோவியத் வேளாண் அறிவியலாளர் லைசென்கோ பற்றிய கட்டுரையில் ஷோரெஸ் மெட்வடேவை அறிவியல் வரலாற்றாளர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் உயிரியலாளர் அல்லவா? ஆய்வகத்தில் இருக்க வேண்டியவர் வரலாறு எழுதப் போனது இழப்பு என்றே எனக்குப் படுகிறது. வரலாற்றுப் பயிற்சி இல்லாதவர் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் ஆய்வகத்தை விட்டுப் போகவில்லை. 1973இல் லண்டன் சென்று, சோவியத் குடியுரிமை பறிக்கப்பட்ட பிறகும், அங்கே முதுமை பற்றிய உயிர்வேதியியல் ஆய்வைத் தொடர்ந்தார். இரண்டையும் சேர்த்தே செய்தார்.

1948 ஆகஸ்டில், மரபணு என்று ஒன்று இருப்பதையே மறுத்த லைசென்கோ ஸ்டாலினின் ஆதரவோடு வென்றபோது, மெட்வடேவ் மாஸ்கோவின் திமிர்யாசெவ் வேளாண் கழகத்தில் மாணவர். மரபியல் பாடம் நின்றுபோனது. லைசென்கோவை எதிர்த்த மரபியலாளர் வவிலோவ் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே சராத்தோவ் சிறையில் இறந்திருந்தார். மெட்வடேவின் தந்தையும் 1938இல் கைதாகி கொலிமா கட்டாய உழைப்பு முகாமில் மடிந்தவர். தன் துறைக்கு என்ன நேர்ந்தது என்று எழுத அவருக்குப் பட்டமா வேண்டும்?

லைசென்கோ பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி 1962 முதல் ரகசியமாகக் கைமாறியது. 1969இல் அமெரிக்காவில் நூலாக வந்தது. அதே ஆண்டு ஓப்னின்ஸ்க் நகரில் அவர் பார்த்த ஆய்வு வேலை போனது. 1970 மே 29 அன்று வீடு புகுந்து, கலூகா மனநல மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றார்கள். மருத்துவர்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்று என்ன தெரியுமா? அறிவியல் வேலையோடு பொது விஷயங்களையும் எழுதுவது ஆளுமைப் பிளவாம்! இரட்டைச் சகோதரர் ராய் ஓடியோடி ஆதரவு திரட்டினார். இயற்பியலாளர்கள் கபித்சா, சகரோவ் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். 19 நாட்களில் வெளியே வந்தார்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருகிறேன். 1976இல் ஒரு கட்டுரையில், ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் அணுக்கழிவு வெடித்துப் பெரும் நிலப்பரப்பு பாழானதைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டார். பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத் தலைவர் அதைக் குப்பை என்றார். மெட்வடேவ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, நூலகத்துக்குப் போனார். சோவியத் இதழ்களில் வெளிப்படையாக அச்சான கதிரியக்கச் சூழலியல் கட்டுரைகளை எடுத்து அட்டவணைகளைப் படித்தார். ஓர் ஏரியில் பைக் என்ற வேட்டை மீனை ஏராளமாகப் பிடித்து அவற்றிலுள்ள கதிரியக்கத்தை அளந்திருந்தார்கள். அத்தனை வேட்டை மீன்களைப் பிடித்தும் மீன்வளம் கெடாமல் இருக்க, ஏரி மிகப் பெரியதாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஏரியைச் சோதனைக்காக யார் நஞ்சாக்குவார்கள்? அப்படியென்றால் விபத்துதான். விலங்கினங்களின் பட்டியல் யூரலைக் காட்டியது. கதிரியக்கம் படிந்து எத்தனை ஆண்டுகள் என்ற கணக்கு 1957–58ஐக் காட்டியது. தணிக்கையாளர்களுக்கு எண்களைப் படிக்கத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. வரலாற்றுத் துறையில் மட்டும் பயின்ற ஒருவர் அந்த மீன்களைக் கடந்து போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

1989இல் சோவியத் அரசு விபத்தை ஒப்புக்கொண்டது. 1957 செப்டம்பர் 29, யூரலிலுள்ள மாயக் அணு ஆலையில் குளிரூட்டல் பழுதாகிக் கழிவுத் தொட்டி வெடித்திருந்தது. வெடிப்புக்கு மெட்வடேவ் ஊகித்த காரணம் வேறு, அதில் அவர் தவறினார். இடமும் காலமும் பிசகவில்லை.

அன்புடன்