மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஓர் அப்பாவுக்கு: பொண்ணு ஹெல்த் எகனாமிக்ஸ் படிக்கட்டுமா?

வணக்கம் அண்ணா. ஆறு வருஷம் பார்ம்.டி என்ற மருந்தியல் படிப்பைப் படிக்க வைத்து, கடையையும் கொஞ்சம் பெரிதாக்கி, இனி மகள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருந்த நேரத்தில் அவள் "ஹெல்த் எகனாமிக்ஸ், ஹெல்த் பாலிசி பக்கம் போறேன்" என்று சொன்னால் குழப்பம் வரத்தான் செய்யும். "மருந்து படிச்ச பொண்ணுக்கு பட்ஜெட் கணக்கு எதுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மற்ற அப்பாக்களைவிட உங்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம், ஏனென்றால் நீங்கள் தினமும் காலை கடையைத் திறந்து உட்காருவதே இந்த விஷயத்துக்கு நடுவில்தான்.

விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மாத்திரைக்கு உங்களுக்கு 16 சதவீதம் மார்ஜின். அந்தப் பதினாறை யார் போட்டார்கள்? 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் அது இருக்கிறது. ஒரு மருந்தை விற்கும் பிராண்டுகளில் சந்தைப் பங்கு 1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறவற்றின் விலையைச் சராசரி எடுத்து, அதன்மேல் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் கூட்டினால் உச்சவரம்பு விலை வந்துவிடும். அதற்கு முந்தைய 1995 ஆணையில் உற்பத்திச் செலவை வைத்து விலை போட்டார்கள். செலவை விட்டுவிட்டுச் சந்தை விலைக்கு மாறினார்களே, அதில் லாபம் யாருக்கு, நோயாளிக்கு எவ்வளவு குறைந்தது, கம்பெனி பட்டியலில் இல்லாத வேறு காம்பினேஷனுக்குத் தாவிவிட்டதா, இப்படிக் கேட்டு எண்களோடு பதில் தேடுவதுதான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள், அதுவரை லட்சத்தைத் தாண்டியும் விற்றது. ஸ்டென்ட் விலை இறங்கியது சரி, ஆஸ்பத்திரியின் மொத்த பில் இறங்கியதா? இதைக் கண்டுபிடிக்க மருத்துவமும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும்.

பாடத்திட்டத்தில் பொருளாதாரம், நிதி, கொள்கை என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். கையில் இருக்கிற பணத்தில் எதைச் செய்தால் நன்மை அதிகம் என்று அளப்பது முதலாவது. அந்தப் பணம் வரியிலிருந்து வருகிறதா, பிரீமியத்திலிருந்தா, நோயாளி சட்டைப்பையிலிருந்தா என்பது இரண்டாவது. யார் முடிவெடுக்கிறார், ஏன் அப்படி எடுக்கிறார் என்பது மூன்றாவது. நிஜத்தில் மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுதான் வரும். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1994-இல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு, பிராண்டு பார்க்காமல் மூலப்பெயரில் மருந்து வாங்கி, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதில் உள்ள தொகைக்குள் எடுத்துக்கொள்ளச் சொன்னது. பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகம் தொடங்கின.

இன்னொரு நாட்டுக் கதையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், ஆனால் இந்தத் துறை என்ன செய்யும் என்ன செய்யாது என்பது இதில் நன்றாகத் தெரியும். தாய்லாந்து 2002-இல் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. அதில் டயாலிசிஸ் சேர்க்கப்படவில்லை. கிட்னி போனவர்கள் நிலத்தை விற்றுச் சிகிச்சை பார்த்தார்கள், அல்லது பார்க்காமல் இறந்தார்கள். சேர்க்கலாமா என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தப்படுத்துவது, வீட்டிலேயே வயிற்றில் குழாய் வைத்துத் திரவம் மாற்றுவது, இரண்டையும் ஒப்பிட்டார்கள். வழக்கமான அளவுகோலில் பார்த்தால் இரண்டுமே செலவுக்குத் தகுந்த பலன் தரவில்லை என்றுதான் விடை வந்தது. அத்தோடு ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. குடும்பங்கள் கடனில் மூழ்குவதைத் தடுக்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்து, 2008-இல் வயிற்று வழி டயாலிசிஸை முதலில் கொடுப்பது என்ற கொள்கையோடு திட்டத்தில் சேர்த்தது. பிறகு 2022-இல் எந்த முறை வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றியதும், கூட்டம் மெஷின் பக்கம் திரும்பிச் செலவு ஏறியது. கணக்கு ஒன்று சொன்னது, மனுஷத்தன்மை இன்னொன்று சொன்னது, அரசியல் வேறொன்று சொன்னது. இதில் கணக்கு போடத் தெரிந்த ஆள் இல்லாமல் போயிருந்தால் என்ன விலை கொடுக்கிறோம் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு எம்.ஏ. எகனாமிக்ஸ் படித்தவர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வயிற்று வழி டயாலிசிஸில் தொற்று வந்தால் எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை நாள், அட்மிஷன் தேவையா என்பது அவருக்குத் தெரியாது. அது தெரியாமல் செலவு மாடல் போட்டால் எக்செல் அழகாக இருக்கும், விடை தப்பாக இருக்கும். டாக்டர், நர்ஸ், பல் மருத்துவர், பார்மசிஸ்ட் ஆகியோருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதே அதனால்தான். பார்ம்.டி ஐந்தாம் ஆண்டில் பார்மகோ எபிடெமியாலஜியும் பார்மகோ எகனாமிக்ஸும் (மக்களிடையே மருந்தின் விளைவையும், மருந்தின் செலவு-பலனையும் ஆராய்வது) ஒரு பாடமாகவே உண்டு, உங்கள் பொண்ணுக்கு ஆசை அங்கிருந்துதான் தொற்றியிருக்கும். ஆனால் ஒன்று. அந்த ஒரு பேப்பரில் நல்ல மார்க் வாங்கியதை வைத்து இந்தத் துறை தனக்கு வரும் என்று நம்பிவிடக் கூடாது. பிளஸ் டூவில் பயாலஜி எடுத்துக் கணக்கைக் கைகழுவிய பிள்ளைகள் இங்கே திணறுவதை நிறையப் பார்க்கிறேன். புள்ளியியல் வேண்டும், நிகழ்தகவு வேண்டும், எக்செல்லில் கை ஓட வேண்டும், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கொஞ்சமாவது எழுதத் தெரிய வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் உண்மையான கவலை அதுதானே. முதலில் கெட்ட செய்தி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் நர்ஸ், பார்மசிஸ்ட் எடுப்பதுபோல ஹெல்த் எகனாமிஸ்ட் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வந்து, பரீட்சை எழுதி, பென்ஷனோடு உட்காரும் வேலை இது இல்லை. அப்படி யாராவது சொல்லிச் சேர்க்கை நடத்தினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இருக்கிற வேலையில் பார்ம்.டி பிள்ளைகளுக்கு இன்றைக்குக் கதவு அகலமாகத் திறந்திருப்பது ஹெச்இஓஆர் (மருந்தின் செலவையும் பலனையும் ஆராய்வது) என்று சொல்லப்படும் பக்கம்தான். பிரிட்டனில் 1999 முதல் நைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. புது மருந்து கொடுக்கும் பலனுக்கு அதன் விலை தகுமா என்று அது பார்த்துத்தான் அரசு மருத்துவத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கும். அதற்கு மருந்துக் கம்பெனிகள் பெரிய ஆதாரக் கோப்பு கொடுக்க வேண்டும். மற்ற பல நாடுகளிலும் இதே கதை. அந்தக் கோப்புக்கான ஆய்வுக்கட்டுரைத் தேடல், தொகுப்பு, செலவு மாடல் எல்லாம் இப்போது பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் அலுவலகங்களில் நடக்கிறது. சம்பளம் ஆஸ்பத்திரி கிளினிகல் பார்மசிஸ்ட் வாங்குவதைவிடப் பொதுவாக நன்றாகவே இருக்கும், உள்ளே போக எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) கூடக் கட்டாயம் இல்லை. குறை என்னவென்றால், நாள் முழுக்க லண்டன் நோயாளிக்காகத்தான் கணக்குப் போடுவாள், சேலம் நோயாளிக்காக இல்லை. சிலருக்கு இது உறுத்தும், சிலருக்கு உறுத்தாது.

நம் நாட்டு நோயாளிக்காக வேலை செய்ய வேண்டும் என்றால் வேறு வழி. மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் எச்.டி.ஏ. இந்தியா என்ற அமைப்பு, எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் போடலாம் என்று ஆய்வு செய்கிறது, பல ஊர்களில் அதற்கு மையங்கள் இருக்கின்றன, சண்டிகர் பி.ஜி.ஐ., திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா என்ற மருத்துவ நிறுவனங்களும் அதில் சேர்த்தி. இங்கே பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான், புராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் குறைவு. அப்புறம் காப்பீட்டுப் பக்கம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத்தின் குடும்பத்துக்கு 5 லட்சம், இதிலெல்லாம் ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் பேக்கேஜ் தொகை உண்டு. தொகை பத்தவில்லை என்று ஆஸ்பத்திரி சொல்லும், அதிகம் என்று அரசு சொல்லும். நிஜச் செலவு என்ன என்று அளக்க நாடு தழுவிய ஓர் ஆய்வையே சண்டிகர் பி.ஜி.ஐ. நடத்தியது. கிளெய்ம் சரிபார்ப்பில் ஆரம்பித்து இந்தப் பக்கம் வளர்ந்து போகிறவர்கள் உண்டு. கிளெய்ம் வேலை சலிப்பானது, மறைக்கவில்லை, ஆனால் பணம் எங்கே கசிகிறது என்று அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம் என்று எடுத்தவுடனே கனவு காண வேண்டாம், அங்கெல்லாம் பல வருஷ அனுபவத்தோடுதான் உள்ளே போக முடியும்.

எங்கே படிப்பது? மும்பையில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) சுகாதாரக் கொள்கை, பொருளாதாரம், நிதி என்று பெயரிலேயே வைத்து எம்.பி.எச். நடத்திய இடம். ஸ்ரீசித்திராவின் அச்சுத மேனன் மையம் 1997-லிருந்து எம்.பி.எச். நடத்துகிறது. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தொற்றுநோயியல் நிறுவனத்தின் எம்.பி.எச்.சில் கள வேலை பலம். யார் விண்ணப்பிக்கலாம், பார்ம்.டி செல்லுமா, அனுபவம் கேட்கிறார்களா என்பது இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டு நம்புங்கள், ஏஜென்ட் சொல்வதை அல்ல. எம்.பி.எச். என்று போர்டு மாட்டிய எல்லா இடமும் ஒன்று இல்லை. அந்தப் படிப்பில் மாணவர் கையாலேயே ஒரு செலவு மாடல் கட்ட வைக்கிறார்களா, அரசு வீடு வீடாக எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் டேட்டாவை இறக்கிப் பிரித்துப் பார்க்க வைக்கிறார்களா, சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தத் துறையில் ஏதாவது ஆய்வு வெளியிட்டிருக்கிறார்களா, இந்த மூன்றையும் உங்கள் மகளே முன்னாள் மாணவர்களிடம் கேட்கட்டும். சுகாதாரப் பொருளாதாரம் ஒரே ஒரு பேப்பராக வந்து போகும் எம்.பி.எச். என்றால், அதற்கு அவள் ஏற்கெனவே படித்த பார்ம்.டி பேப்பரே போதும்.

வெளிநாடு. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்குப் பேர் போன இடம், தொலைதூரப் படிப்பும் வைத்திருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் சேர்ந்து கொள்கை, திட்டமிடல், நிதி என்று ஒரு முதுகலை நடத்துகின்றன. பாங்காக்கில் சூலாலங்கார்ன் பல்கலைக்கழகத்தில் ஹெல்த் எகனாமிக்ஸ் முதுகலை உண்டு, நம் நிலைமைக்கு நெருக்கமான உதாரணங்களோடு படிக்கலாம், லண்டனைவிடச் செலவும் குறைவு. இதை எல்லாம் சொல்லிவிட்டு என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். கடையை அடமானம் வைத்து லண்டன் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்களே, தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் இங்கே ஒன்றிரண்டு வருஷம், ஹெச்இஓஆர் கம்பெனியோ, எச்.டி.ஏ. புராஜெக்டோ, எதுவானாலும் வேலைக்குப் போகட்டும். அந்த அனுபவத்தோடு விண்ணப்பித்தால் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் வாய்ப்பும் கூடும், எதைப் படிக்க வேண்டும் என்பதும் அவளுக்கே தெளிந்துவிடும். இரண்டு வருஷத்தில் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும் தலையில் கடன் இருக்காது.

அதற்கும் முன்னால், ஒரு மாசம் உங்கள் கடையிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். வாடிக்கையாக வரும் சுகர் நோயாளிகளில் சம்மதிக்கிறவர்களிடம் பேசி, ஒருவருக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று அவள் எழுதட்டும், பெயர் எல்லாம் எழுத வேண்டாம். மாத்திரை மட்டுமல்ல, டெஸ்ட், டாக்டர் ஃபீஸ், பஸ் காசு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாமே சேர்த்து. அதே ஆள் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கினால் எவ்வளவு, 2025-இல் வந்த முதல்வர் மருந்தகத்தில் வாங்கினால் எவ்வளவு, உங்களிடம் பிராண்டு வாங்கினால் எவ்வளவு. கடைசிக் கேள்வி உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. பிறகு தேசியச் சுகாதாரக் கணக்கு அறிக்கையை எடுக்கட்டும். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2014-15-இல் 62.6 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம் என்று அதில் இருக்கிறது. உங்கள் கவுண்டரில் நிற்கிறவர்களைப் பார்த்தால் அவ்வளவு குறைந்ததாகத் தெரிகிறதா? அந்த எண்ணை எந்தச் சர்வேயிலிருந்து எடுத்தார்கள், அது எந்த வருஷத்துச் சர்வே, காப்பீட்டை எப்படிச் சேர்த்தார்கள் என்று தோண்டும்போது அவளுக்கு நேரம் போவதே தெரியவில்லை என்றால் இந்தத் துறை அவளுக்குத்தான். பத்தாம் பக்கத்தில் தூக்கம் வந்தால், கடை இருக்கவே இருக்கிறது.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள், "ஹெல்த் எகனாமிஸ்ட்னு ஜாதகத்துல போட்டா யாருக்குப் புரியும்" என்று. பார்ம்.டி என்றே போடுங்கள், அதுவும் நிறையப் பேருக்குப் புரிவதில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம். எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவை அவள் விடாமல் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், திரும்பி வரும் வழி திறந்திருக்கும். ஆனால் அவள் பெங்களூரில் வேலையில் இருக்கும்போது அந்தச் சான்றிதழை உங்கள் கடைச் சுவரில் மாட்டி லைசென்ஸ் ஓட்டாதீர்கள். அது சட்டப்படி தப்பு, மாட்டினால் அவள் பதிவுக்கே ஆபத்து. கடைக்கு வேறு பார்மசிஸ்ட்டை இப்போதே தேட ஆரம்பியுங்கள், அந்தச் சம்பளத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.