இழுப்பது வேறு, சுமப்பது வேறு: ஃபிப்த் வீல் ஹிட்ச் வாங்கும் முன்

டெக்ஸாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் ஃபோர்டு எஃப்-150 ட்ரக் இருக்கிறது, ஐந்தரை அடி பெட் (பின்பக்கச் சாமான் தொட்டி). 9,800 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர். (சாமானோடு சேர்ந்த அதிகபட்ச எடை) உள்ள ஃபிப்த் வீல் ட்ரெய்லருக்கு, அதாவது பெட்டுக்குள் பூட்டும் ஹிட்ச் என்ற இணைப்பில் முன்பகுதி உட்காரும் முகாம் ட்ரெய்லருக்கு, முன்பணம் கொடுத்துவிட்டேன். என் ட்ரக் 11,000 பவுண்டு இழுக்கும், 16,000 பவுண்டு ஹிட்ச் மாட்டினால் தாராளம் என்கிறார் விற்பனையாளர். எந்த ஹிட்ச் வாங்கலாம்? எப்படிப் பராமரிப்பது? நாங்கள் நான்கு பேர். கதவு ஸ்டிக்கரில் 1,740 என்று போட்டிருக்கிறது."

கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 1,740-ல்தான் விஷயமே இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கர் சொல்வது, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து ட்ரக் சுமக்கக்கூடிய எடை. விற்பனையாளர் சொன்ன 11,000, இழுக்கும் திறன். ஃபிப்த் வீலை ட்ரக் பின்னால் இழுத்துக்கொண்டு மட்டும் போவதில்லை, அதன் முன்பாரத்தை முதுகில் தூக்கிக்கொண்டும் போகிறது. ட்ரெய்லரின் முன்பக்க அடியில் நீட்டியிருக்கும் கிங் பின் என்ற இரும்பு முளை வழியாக இறங்கும் இந்தப் பாரம், ட்ரெய்லர் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் வரும். 20 என்றே வைத்துக்கொள்வோம்: 1,960 பவுண்டு. இங்கேயே 1,740-ஐத் தாண்டிவிட்டது. ஹிட்ச் ஒரு 150, நீங்கள் நால்வரும் ஒரு 550. மொத்தம் 2,660. சமையல் பாத்திரம், நாய்க்குட்டி எதையும் நான் இன்னும் ஏற்றவில்லை.

ட்ரெய்லர் விளம்பரத்தில் இதைவிடக் குறைந்த கிங் பின் எடை போட்டிருக்கும். அது காலி ட்ரெய்லரின் கணக்கு. முன்பக்க அலமாரியில் துணிமணி, பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறிய பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆகவே இந்த ட்ரக்குக்கு 16,000 பவுண்டு ஹிட்ச் மாட்டினாலும், 25,000 மாட்டினாலும் ஒன்றுதான். ஹிட்ச் தாங்கும், பின் ஆக்ஸிலும் டயரும் ஸ்ப்ரிங்கும் தாங்காது. ஃபிப்த் வீல்தான் வேண்டும் என்றால் 'முக்கால் டன்' அல்லது 'ஒரு டன்' என்று சொல்லப்படும் இன்னும் கனமான வகை ட்ரக்குக்கு மாறுங்கள். அப்போதும் கதவு ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் டீசல் எஞ்சினின் எடையே சுமையளவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இந்த ட்ரக்தான் என்றால் 6,000 பவுண்டு சுற்றில் ஒரு பம்பர் புல் ட்ரெய்லர் (ட்ரக்கின் பின்முனையில் மாட்டி இழுக்கும் வகை) பாருங்கள். அதன் முன்பாரம் 10 முதல் 15 சதவீதம்தான்.

சரி, ட்ரக் மாற்றுகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு ஹிட்சுக்கு வருவோம். அதன் தாங்கு திறன் ட்ரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆரைவிட அதிகமாக இருக்க வேண்டும், அது சுலபம். பெட் நீளத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ட்ரெய்லரின் அகலம் 8 அடி என்றால், நடுவில் இருக்கும் கிங் பின்னிலிருந்து பக்கவாட்டு விளிம்புக்கு 4 அடி. ஹிட்சின் மையத்துக்கும் கேபினுக்கும் நடுவே அதைவிடக் குறைவான இடம் இருந்தால், ரிவர்ஸில் ஒடித்துத் திருப்பும்போது ட்ரெய்லரின் மூலை பின்கண்ணாடிக்குள் வந்துவிடும். எட்டடி பெட்டில் இந்தக் கவலை இல்லை. குட்டை பெட்டுக்கு, திருப்பத்தில் பின்னால் நகர்ந்து இடம் தரும் ஸ்லைடர் ஹிட்ச். கையால் தள்ளும் வகை மலிவு; ஆனால் திருப்பத்துக்கு முன் இறங்கிப் போய் நெம்புகோலை இழுக்க நினைவிருக்க வேண்டும். மழையில், பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது யாருக்கு நினைவிருக்கும்? கனமும் விலையும் அதிகமானாலும் நான் தானாக நகரும் ஆட்டோ ஸ்லைடரையே சொல்வேன். அதற்குக் கிங் பின் பொருத்தியிருக்கும் பெட்டியில் ஒரு தட்டு தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும், அதையும் சேர்த்து விலை கேளுங்கள்.

ஹிட்சின் தாடை, கிங் பின்னின் கழுத்தை இருபுறமும் சுற்றிப் பிடிக்கும் வகையாக இருந்தால் பிரேக் போடும்போது வரும் 'டக் டக்' ஆட்டம் குறையும். ஹிட்சின் தலை முன்பின்னாக மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் சாய்ந்தால் மேடுபள்ளமான கேம்ப் மைதானத்தில் கோப்பது எளிது. தொழிற்சாலையிலேயே பக் சிஸ்டம் (ஹிட்சை நேராகப் பூட்டும் துளைகள்) வைத்து வந்த ட்ரக் கிடைத்தால் துளை போடும் வேலையே இல்லை. ரெயில் (இரும்புச் சட்டம்) வைத்துத்தான் பூட்ட வேண்டும் என்றால் பெட்டில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் லைனரின் மேல் பூட்டவிடாதீர்கள். அந்த இடத்தில் லைனரை வெட்டி எடுத்துவிட்டு, இரும்பின் மேல் இரும்பு உட்கார வேண்டும்.

கோக்கும் விஷயத்தில் என் அவமானக் கதை ஒன்று. ஆர்கன்சாவில் ஒரு ஸ்டேட் பார்க், இருட்டுகிற நேரம், பிள்ளைகளுக்குப் பசி. ரிவர்ஸ் எடுத்தேன், 'கிளிக்' கேட்டது, ட்ரெய்லரின் முன்கால்களைத் தூக்கிவிட்டு வண்டியை நகர்த்தினேன். ட்ரெய்லர் மூக்கு பெட்டின் இரண்டு பக்கச் சுவர்களின் மேலும் தொப்பென்று விழுந்தது. ட்ரெய்லர் உயரமாக நின்றதால் கிங் பின் தாடைக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. கிளிக் சத்தம் பொய் சொல்லும். அன்றிலிருந்து என் முறை இதுதான்: ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடைக்கட்டை. ஹிட்ச் தட்டு, கிங் பின் பெட்டியின் அடியைத் தொட்டு லேசாகத் தூக்கிக்கொண்டு நுழையும் உயரம். கோத்ததும் டார்ச் அடித்து, பின்னின் கழுத்தைத் தாடை பிடித்திருக்கிறதா, தட்டுக்கும் கிங் பின் பெட்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பேன். நெம்புகோலுக்குப் பூட்டூசி. அப்புறம் மின்கேபிள், ட்ரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பி. அந்தக் கம்பியை ட்ரக்கில் மாட்ட வேண்டும், ஹிட்சில் அல்ல. ஹிட்சே பிய்ந்து போனால் கம்பியும் கூடவே போய்விடும். கடைசியாக, ட்ரெய்லர் கால்கள் தரையில் இருக்கும்போதே ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பார்ப்பேன். விழுவதாக இருந்தால் அந்தக் கால்களின் மேல் விழட்டும். (கழற்றிவிட்டுக் கிளம்பும்போது டெயில்கேட்டை இறக்க மறப்பவர்கள் தனிக் கட்சி. அதற்கு ஒரு பம்பர் கடை நண்பர் தேவைப்படுவார்.)

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. தட்டின் மேல் கிரீஸ் பூசலாம், அல்லது பிளாஸ்டிக் வட்டு வைக்கலாம், இரண்டும் வேண்டாம். நான் வட்டுக்காரன். கிரீஸோடு சாலைப் புழுதி சேர்ந்தால் உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும். தாடைக்கும் அச்சுகளுக்கும் மட்டும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் லித்தியம் கிரீஸ். முதல் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள், அப்புறம் ஒவ்வொரு சீசனுக்கும் ஒருமுறை. வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் மயிரிழையாக வெடித்து அதிலிருந்து துரு வழிந்திருந்தால் அது வெறும் பெயின்ட் பிரச்சினை இல்லை, அந்த ஹிட்சை ஓட்ட வேண்டாம்.

இப்போதைக்கு, ஹிட்ச் கடைக்குப் போகாதீர்கள். டேங்கை நிரப்பி, நால்வரும் ஏறி, நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப் ஒன்றில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற வண்டி எடைமேடையில் எடை போட்டு, அந்தச் சீட்டோடு ட்ரெய்லர் கடைக்குப் போய் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். தர மாட்டார்கள் என்றால், அதையே ஒரு பம்பர் புல் ட்ரெய்லருக்கு வரவு வைக்கச் சொல்லிப் பாருங்கள்.