பிரசவ அறையில் ஆதரவுப் பராமரிப்பு வெறும் ஆறுதல் பேச்சா?

பிரசவ நேரத்து ஆதரவுப் பராமரிப்பால், அதாவது வலியில் இருப்பவருக்குத் துணையாக இருந்து கவனிப்பதால், நிஜமாகவே பலன் உண்டா, இல்லை தைரியம் சொல்வதற்கு வைத்த பெரிய பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நர்சிங் மாணவி, லேபர் ரூம் போஸ்டிங் பார்த்தவள். பலன் உண்டு. அதை நடத்தும் விதத்தில்தான் எனக்குக் குறை.

பிரசவம் பார்க்கும் பொறுப்பு மாணவியிடம் இல்லை. சிஸ்டருக்கு ஒரே நேரத்தில் பல கட்டில்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆக, வலியில் இருப்பவர் பக்கத்திலேயே இருப்பது பெரும்பாலும் மாணவிதான். "சும்மாதானே நிக்கிற, முதுகைத் தேய்ச்சு விடு" என்பார்கள். கை காலியாக இருப்பவளிடம் தள்ளிவிடும் வேலையாகிப் போகிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து ஒருவர் துணையாக இருந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், சிசேரியன் குறைவாகவும், வலி நேரம் சற்றுக் குறுகலாகவும் இருந்தது. இதைச் செய்யும் மாத்திரை ஒன்று வந்திருந்தால் அதற்குத் தனி அலமாரியே வைத்திருப்பார்கள்!

காரணமும் புரியாததல்ல. பயம் கூடினால் அட்ரினலின் கூடும், கருப்பை சுருங்கும் வேகம் அதனால் தளரலாம். மல்லாந்தே படுத்திருந்தால் வயிற்றுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அமுங்கி, குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குழந்தையின் தலை இறங்கத் தடை. ஆகவே ஒருக்களிக்க வைப்பது, நடக்க விடுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, சிக்கல் இல்லாதவருக்குக் குடிக்கக் கொடுப்பது எல்லாமே சிகிச்சையோடு சேர்ந்தவைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் படிவத்தில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு: துணை, வலி நிவாரணம், குடிக்கும் திரவம், படுக்கும் நிலை. குழந்தையின் இதயத் துடிப்பைக் குறிக்கும் இடத்துக்கும் மேலே அது இருக்கிறது. மல்லாந்து படுத்திருந்தால் அதையே எச்சரிக்கையாக வட்டமிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் துணைக்கு வந்தவர் மூலையில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தாலும் படிவத்தில் 'ஆம்' என்றுதான் வரும். அவர் இடுப்பை அழுத்திவிடுகிறாரா, அந்தப் பெண் அவரைத்தான் கேட்டாளா என்பதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காது.

நான் பார்த்த வரையில் பெரிய வித்தியாசம் தருவது முன்கூட்டியே சொல்வது. உள் பரிசோதனைக்கு முன், "இப்போ பார்க்கப் போறோம் அக்கா, வேணும்னா நிறுத்தச் சொல்லுங்க" என்று ஒரு வரி. முடிந்ததும் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை டாக்டரிடம் மட்டுமல்லாமல் அவரிடமும் சொல்வது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் முதலில் விட்டுப்போவதும் இதுதான். அப்புறம், எல்லோருக்கும் தொடுவது பிடிக்காது. வலி ஏறும்போது கையைத் தட்டிவிடுகிறவர் உண்டு, அப்போது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

எனக்குப் பிடிக்காதது, கடைசிக் கட்டத்தில் நாலு பேர் சேர்ந்து "முக்கு, முக்கு" என்று கத்துவது. உந்துதல் வரும்போது அவரே முக்க விடுவதைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளும் சொல்கின்றன. எபிடூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) போட்டிருந்தால் உந்துதல் சரியாகத் தெரியாமல் போகலாம், அங்கே எப்போது முக்குவது என்று நாம் சொல்ல வேண்டிவரும். மற்றபடி ஒருவர் குரல் போதும்.

இன்னொன்று. ஆதரவு இருக்கிறதே என்று வலி நிவாரண மருந்தை மறுக்கக் கூடாது. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு மருந்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருப்பது ஆதரவில் சேராது. கேட்டால் டாக்டரைக் கூப்பிட்டு, என்ன கொடுக்க முடியும் என்று அந்தப் பெண் முன்னாலேயே கேட்டுச் சொல்ல வேண்டும்.