ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் நாகரிகப் பெருமைக்கு உண்மையிலேயே பங்கு உண்டா, இல்லை அது மேடைப் பேச்சா?

எனக்கு வேலூர். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை எங்கள் கோட்டைக்குள்தான் காவலில் வைத்தார்கள். அந்தத் திப்பு, அதற்குப் பல வருஷம் முன்பே துருக்கி சுல்தானுக்குத் தூது அனுப்பியவர். ஒரே மார்க்கம், கைகொடுப்பார் என்ற நம்பிக்கை. ஆனால் ரஷ்யாவுக்குப் பயந்திருந்த துருக்கிக்கு ஆங்கிலேயர் தயவு வேண்டியிருந்தது. 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும் சுல்தான் மூன்றாம் செலிம் திப்புவுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர்களோடு சேராதே, ஆங்கிலேயரோடு மோதாதே என்று. அதைத் திப்புவுக்கு அனுப்பி வைத்ததே ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிதான்! இன்றைக்கும் ஷியா ஈரானுக்கு, ஷியாக்கள் நிறைந்த அஜர்பைஜானைவிடக் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடுதான் ஒட்டுதல் அதிகம்.

அப்படியானால் வெறும் பேச்சுதானா? அப்படியும் சொல்ல மாட்டேன்.

பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்குப் பையனைக் கூட்டிப் போயிருந்தேன். ஆற்றில் கண்ணுக்கெட்டிய வரை மணல். கல்லறையைப் பார்த்துவிட்டு, "கண்டி ராஜா ஏம்ப்பா இங்க இருக்காரு?" என்று கேட்டான். நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், புத்த மதத்தைக் காக்க வேண்டிய அரியணையில் இருந்தவர். 1815 கண்டி ஒப்பந்தத்தில் அவரை இறக்கிய ஆங்கிலேயர், புத்த மதத்தை நாங்கள் காப்போம் என்று அதே தாளில் ஒரு பிரிவு எழுதினார்கள். துப்பாக்கியால் வாங்க முடியாத சம்மதத்தைக் கண்டிப் பிரதானிகளிடம், அதாவது அரசரின் கீழிருந்த தலைவர்களிடம், அந்த வரி வாங்கித் தந்தது. மன்னர் வேலூருக்கு வந்து, 1832இல் இங்கேயே இறந்தார்.

நாகரிகம் என்ற சொல்லுக்கு அங்கேதான் வேலை. யார் நண்பன் என்று அது முடிவு செய்வதில்லை. முடிவு செய்ததை மக்கள் மனசில் ஏற்றுகிறது. எனக்குக் கவலை தருவது அடுத்த கட்டம். 2023இல் ரஷ்யா தன் வெளியுறவுக் கோட்பாட்டிலேயே தன்னை ஒரு நாகரிக அரசு, அதாவது வெறும் நாடல்ல, தனி நாகரிகமே என்று எழுதிக்கொண்டது. எல்லைத் தகராறு என்றால் உட்கார்ந்து பேசி நாலு மைல் விட்டுக்கொடுக்கலாம். நம் நாகரிகத்தின் மண் என்று சொந்த ஜனங்களிடம் சொல்லிவிட்ட தலைவரால் ஓரடிகூடப் பின்வாங்க முடியாது, அவரே விரும்பினாலும்.

பையனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "சொந்த ஆளுங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்கடா" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு பிரிவைச் சொன்னேன்.