அவள் ஆடப் போகவில்லை, பெயர் கண்டுபிடிக்கப் போகிறாள்

எடிசன் நகரிலிருந்து ஒரு அம்மா கல்லூரி ஆலோசனை கேட்டுக் கூப்பிட்டார். மகளுக்கு ஏழு வருட மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளியிலிருந்தே டாக்டர் பட்டத்துக்கு நேராகப் போகிற இந்தப் பாதைக்காக எத்தனை வீடுகளில் நேர்ந்துகொள்கிறார்கள் என்பது நியூஜெர்சியில் இருக்கும் நம் எல்லோருக்கும் தெரியும். மே முதல் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். பெண் கட்ட வேண்டாம் என்கிறாள்.

"டான்ஸ் படிக்கப் போறாளாம் சார். டல்லாஸ்ல இருக்கிற எங்க அண்ணன் தினமும் போன் பண்ணித் திட்டுறாரு. எல்லாம் அந்தக் கறுப்புப் பொண்ணோட சேர்ந்த சேர்க்கை."

அதுவரை நான் "கவலைப்படாதீங்கம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 'சேர்க்கை' என்ற சொல் வந்த பிறகு சொல்லவில்லை. மகளை அழைத்து வரச் சொன்னேன்.

வந்தவள் ஆடப் போவதாகச் சொல்லவே இல்லை. 1941இல் வந்த 'ஹெல்ஸாப்பாப்பின்' படத்தில் ஒரு லிண்டி ஹாப் காட்சியை லேப்டாப்பில் ஓடவிட்டாள். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் பிறந்த ஜோடி நடனம் அது. சமையல்காரர், வேலைக்காரி, மெக்கானிக் உடைகளில் நாலு ஜோடிகள். இன்று உலகம் முழுக்க ஸ்விங் ஆடுகிறவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். படத்திலோ 'ஹார்லெம் காங்கரூ டான்ஸர்ஸ்' என்று கும்பலுக்கு ஒரே பெயர். அதில் ஆடிய பெண்கள் நார்மா மில்லர், வில்லா மே ரிக்கர், ஆன் ஜான்சன், மிக்கி ஜோன்ஸ். "நார்மாவைப் பத்தி நிறைய கிடைக்குது அங்கிள். மத்த மூணு பேர்?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவளும் அந்தத் தோழியும் ஒரு வருடமாகத் துரத்துகிறார்கள். சனிக்கிழமைதோறும் ரயிலேறி ஹார்லெமின் 135ஆம் தெருவிலுள்ள ஷோம்பர்க் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு மையத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறார்கள். அங்கிருந்து லெனாக்ஸ் அவென்யூவில் ஐந்து தெரு நடந்தால் சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கு இருந்த இடம். 1926இல் திறந்தது, 1958இல் மூடியது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒரு நினைவுப் பலகையும்தான்.

அம்மா, உங்கள் சேர்க்கைப் புகாருக்கு அந்தக் கட்டடத்திலேயே பதில் இருக்கிறது. நார்மா 1919இல் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். பார்படாஸிலிருந்து வந்த அம்மா ஊரார் வீடுகளைப் பெருக்கித் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். வீடு சவாய்க்குப் பின்புறம். ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படியில் உட்கார்ந்தால் பாட்டு கேட்கும். 1932 ஈஸ்டர் அன்று வாசலில் ஆடிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுக்காரியை ஓர் ஆட்டக்காரர் உள்ளே அழைத்துப்போனார். இரண்டு மூன்று வருடத்தில் அப்பல்லோ அரங்கில் போட்டி, ஐரோப்பியப் பயணம். அந்தக் காலத்தில் ஹார்லெம் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் இன்னொருவர் வீட்டுச் சமையலறைக் கதவு. அதைத் தாண்டி வேறொன்றுக்கு ஆசைப்பட ஒருத்தியால் தனியாக முடிந்ததில்லை. பகலில் சவாயில் கூடி, ஒருத்தி போட்ட அடியை அடுத்தவள் வாங்கி மெருகேற்றி, இரவில் அதே அடியால் அவளையே முந்தப் பார்த்தார்கள். நட்பும் போட்டியும் ஒரே தரையில்தான். சவாய் ஆட்டக்காரர் ஃபிராங்கி மேனிங் தோழியைத் தூக்கித் தலைக்கு மேல் புரட்டியதை லிண்டி ஹாப்பின் முதல் ஆகாய அடி என்பார்கள். மெத்தையைப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து பழகியது இரண்டு பேர். புரட்டியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். நம்பிக் காற்றில் போனவள் ஃபிரீடா வாஷிங்டன். உங்கள் மகள் சொல்லித்தான் அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

எனவே அந்தத் தோழியின் நிறத்தை இனி என் முன்னால் பேச வேண்டாம். நம் பிள்ளைகளை வாசிப்பு அறையில் ஆறு மணி நேரம் உட்கார வைக்கும் சிநேகிதம் சுலபத்தில் கிடைக்காது.

டல்லாஸ் மாமாவின் கேள்வி வேறு: "இதெல்லாம் சோறு போடுமா?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். ஆடியவர்களுக்குச் சரியாகப் போடவில்லை. அந்தச் சவாய் ஆட்டக் குழுவின் வாய்ப்பும் பணமும் ஹெர்பர்ட் ஒயிட் என்ற ஒருவர் கை வழியாகத்தான் வந்தன. 1943இல் 'லைஃப்' பத்திரிகை லிண்டி ஹாப்பை தேசிய நாட்டுப்புற நடனம் என்று கொண்டாடியபோது, அட்டையில் ஒரு வெள்ளை ஜோடியைப் போட்டு, வில்லா மேயை உள்பக்கத்தில் வைத்தது. மேனிங்கே பின்னாளில் முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளி மாணவிகள் 1937 வாக்கில் தொடங்கிய 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' பெண்கள் இசைக்குழுவையும் பாருங்கள். விடுதிகளில் இடம் தரமாட்டார்கள் என்று பஸ்ஸுக்குள்ளேயே படுத்துறங்கி நாடு சுற்றினார்கள். அதில் டிராம்போன் வாசித்த ஹெலன் ஜோன்ஸ் உட்ஸ், பிறகு ஒமாஹா சிம்ஃபனியில் சேர்ந்தார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நர்ஸாகித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். மாமா இதைக் கேட்டால் "பாத்தியா" என்பார். கலை ஹெலனைக் கைவிடவில்லை, கதவைச் சாத்தினார்கள் என்பதையும் அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருப்பது மேடையை அல்ல. அது ஆவணக் காப்பாளர் வேலை. நம் வீடுகளில் இதை ஒரு தொழிலாகவே யாரும் எண்ணுவதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ், பார்மசி பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு பாட்டி இறந்த பிறகு பரணிலிருந்து பெட்டி வருகிறது. கடிதங்கள், ஒப்பந்தத் தாள், ஷெல்லாக் இசைத்தட்டு, ஒரு சுருள் படம். படப்பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் படச்சுருளின் அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது. குளிரூட்டி, சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். 1940களில் காசு போட்டால் பாட்டுப்படம் ஓட்டும் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்கான 16 மி.மீ. பிரதிகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றி அச்சிட்டார்கள். விவரம் தெரியாதவர் அதை அப்படியே ஏற்றினால் வலக்கை ஆட்டக்காரி இடக்கைக்காரி ஆகிவிடுவாள். பிறகு பெயர்கள். ஆணுக்குப் பெரும்பாலும் ஒரே குடும்பப் பெயர்தான். பெண்ணுக்கு மேடைப் பெயர், செல்லப் பெயர், இரண்டு கல்யாணமானால் இரண்டு குடும்பப் பெயர். எல்லாம் ஒருத்திதான் என்று நிரூபித்து, பெட்டிக்குள் இருப்பதைப் பட்டியலிட்டு, பாட்டி யாரென்றே தெரியாதவரும் தேடி எடுக்கும்படி வைப்பதுதான் வேலை. பேட்டியும் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க அரைநாள் போய்விடும். பேசியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காவிட்டால் அந்த அரைநாளும் வீண்.

இதற்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று இளங்கலை, அதன்பின் அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முதுகலை. அந்த அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர வேண்டாம். பல வேலைகளுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். ரட்கர்ஸ் நியூ பிரன்ஸ்விக்கில் அங்கீகாரத்தோடு இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பக்கம். நியூவர்க் வளாகத்தில் உலகின் மிகப் பெரிய ஜாஸ் காப்பகங்களில் ஒன்றான ஜாஸ் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பியானோக் கலைஞர் மேரி லூ வில்லியம்ஸின் தாள்களெல்லாம் அங்கேதான். கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங் கற்றுக்கொண்டால் டிஜிட்டல் ஆவணப் பணிகளில் தனி மதிப்பு. ஜாஸ் மட்டுமில்லை, மருத்துவமனை, வங்கி, நகராட்சி எல்லாவற்றிலும் காப்பகம் உண்டு.

பணம். சாஃப்ட்வேர் சம்பளம் வராது, காலியிடங்களும் குறைவு. அதனால்தான் கடனில் நான் பிடிவாதம். உள்ளூர் மாணவர் கட்டணத்தில் மட்டும் படிக்கட்டும். பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கடன் வாங்கி இந்த முதுகலை வேண்டவே வேண்டாம். உதவியாளர் பணியோடு கட்டணத் தள்ளுபடி கிடைத்தால் மட்டும் வெளியூர். அந்த ஏழு வருடப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற பெண்ணுக்காகவா? டாக்டர் பாதையில் பாதியில் இறங்கினாலும் கடன் இறங்காது.

மகளுக்கும் ஒரு நிபந்தனை வைத்தேன். இந்தக் கோடையில் ஏதாவது ஒரு காப்பகத்தில் இருநூறு மணி நேரம் தன்னார்வலராக வேலை செய்ய வேண்டும். குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பழைய தாள்களிலிருந்து பின்னையும் கிளிப்பையும் பிடுங்குகிற வேலை. சலித்துவிட்டால் என்னிடம் சொல்ல வேண்டும், வேறு பார்ப்போம். தோழியும் அவளும் சேர்ந்து எடுத்த பேட்டிகள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "ஃபிரெண்ட்ஸுக்குள்ள எதுக்கு அங்கிள்?" என்றாள். வாய்ப்பேச்சை நம்பி ஆடியவர்களைப் பற்றித்தானே ஒரு வருடம் படித்தாய் என்றேன். சிரித்தாள், மறுநாளே எழுதி அனுப்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக் கடிதத்தைக் கொண்டுவாருங்கள் அம்மா. அந்தத் தோழியையும் கூட்டிவாருங்கள், அவளுக்கும் கல்லூரிக் கேள்விகள் இருக்கின்றனவாம். அண்ணன் டல்லாஸிலேயே இருக்கட்டும்.