கத்தி பிடிக்கத் தெரியாத தேவதை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். சென்ற ஆண்டு அனிமேஷன் பட்டப்படிப்பை முடித்தேன். பாத்திரங்களை வடிவமைப்பதுதான் என் விருப்பம். பல ஸ்டூடியோக்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைப்பு வரவில்லை. இந்தத் துறையில் நம்மவர்கள் யாருமே இல்லை, அதனால்தான் ஒதுக்குகிறார்களோ என்று தோன்றுகிறது. இனிமேல் எல்லாவற்றையும் கணினியே வரைந்துவிடும் என்று நண்பர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். அம்மா ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இங்கே டவுனில் ஒரு கிளினிக்கில் குமாஸ்தா வேலை காலியாக இருக்கிறது, போய்ச் சேர் என்கிறார். சேரலாமா, அல்லது கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடலாமா? இரவில் அம்மா தூங்கிய பிறகு வரைந்த பன்னிரண்டு பாத்திரங்களை இணைத்திருக்கிறேன். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

பார்த்தேன். ஒன்று விடாமல் பார்த்தேன். கோடு உன் கைக்கு நன்றாகப் படிந்திருக்கிறது. நிறங்களில் அவசரம் இல்லை. படிப்பு வீண்போகவில்லை. வேலை கிடைக்காத ஒரு வருடத்திலும் இரவில் விழித்திருந்து வரைகிறாயே, அந்தப் பிடிவாதத்துக்காகவே உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவ வேண்டும்போல் இருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி வருவது கசக்கும்.

ஏழாவது பக்கத்தில் 'பால்மரத் தேவதை' என்று ஒருத்தியை வரைந்திருக்கிறாய். நெற்றியில் விளக்கு, முதுகில் இறக்கை, கையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி. அந்தக் கத்தியைத் தலைக்கு மேலே வாளாக ஓங்கியபடி, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறாள். வரைந்தவள் சுங்கை சிப்புட்காரிதானா என்று மறுபடியும் உன் கடிதத்தின் அடியில் பார்த்தேன். உன் பாட்டி பால்மரம் வெட்டியிருக்க மாட்டாரா? பாட்டி இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கிழவி? உங்கள் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய பெண்களில் பல பேர் அந்தக் கத்தியைப் பிடித்தவர்களாக இருப்பார்கள். ஒருவரிடம் கேட்டிருக்கலாமே.

உன்மேல் மட்டும் கோபம் இல்லை. இப்போது ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் தோட்டத்துக் கதைகள். பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற துண்டாடலில் தோட்டம் கைமாறுவது வருகிறது. அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது வருகிறது. அம்மா அழுகிறாள், அப்பா குடிக்கிறார், லயத்து வரிசை வீடுகளைச் செம்பனை நடுவதற்காக இடிக்கிறார்கள். ஆனால் அத்தனை கதைகளிலும் ஒரு மரத்தைக்கூட யாரும் ஒழுங்காக வெட்டவில்லை. 'விடியுமுன்னே பால்வெட்டுக்குப் புறப்பட்டாள்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் வீட்டுக்குத் திரும்பி வந்து அழத் தொடங்கிவிடுகிறாள். இடையில் அவள் உடம்பு என்ன செய்தது? எழுதியவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. உன் தேவதையைப் பார்த்தபோது இந்த ஆத்திரம் இன்னும் ஏறியது.

என் அம்மா மரம் வெட்டியதைச் சொல்கிறேன், கேள். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் பொறுக்க நானும் கூடப் போவேன். இருட்டிலேயே போயாக வேண்டும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் இறங்கி, பால் ஓட்டம் மட்டுப்பட்டுவிடும். மரத்தடிக்குப் போனதும் முதல் வேலை, முந்தைய வெட்டில் காய்ந்து கோடாக ஒட்டியிருக்கும் பாலை ஒரே இழுப்பில் உரித்துப் பைக்குள் போடுவது. பிறகு பால் வடியும் மங்குக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றித் துடைப்பார். அதற்குப் பிறகுதான் கத்தி. நீ வரைந்ததுபோல் நீண்ட அலகெல்லாம் அதற்குக் கிடையாது. நுனி மடங்கிய சின்ன இரும்பு, பிடிதான் நீளம். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிந்து இறங்கும். கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே அம்மா மரத்தைச் சுற்றிப் பின்னோக்கி நகர்வார். கை இழுக்கும், கால் பின்வாங்கும், கண் வெட்டைவிட்டு விலகாது. பின்னால் வேர் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று குதிகால்தான் தடவிப் பார்க்கும். இடுப்பில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும். சீவ வேண்டிய பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும், மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் பட்டால் ஏச்சு. ஆழம் குறைந்தால் பால் வராது. இப்படி 400, 500 மரங்கள்.

புதிய மரத்தில் வெட்டு நெஞ்சுயரத்தில் தொடங்கும். வெட்ட வெட்டக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, சில ஆண்டுகளில் முழங்காலுக்கு வந்துவிடும். வெட்டுகிறவரும் கூடவே குனிந்துகொண்டு போவார். எங்கள் தோட்டத்தில் யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை என்பதை அவரவர் முதுகைப் பார்த்தே நாங்கள் சொல்லிவிடுவோம். அம்மா வேலையை விட்ட பிறகும் வீட்டில் எதற்காவது ஒதுங்கி வழிவிட வேண்டுமானால் திரும்ப மாட்டார், பின்காலாலேயே நகர்வார். இதை வரைந்திருந்தால் உன் தேவதைக்கு இறக்கை தேவைப்பட்டிருக்காது.

உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, நிழலுருவை வைத்தே ஆளை அடையாளம் காண முடிகிறதா என்று சோதிக்கும் பழக்கம் உங்கள் துறையில் உண்டு. உனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உன் பன்னிரண்டு பேரையும் அப்படி நிரப்பிப் பார். தலைமுடியையும் தொப்பியையும் எடுத்துவிட்டால் பதினொரு பேர் ஒரே ஆள். அதே இடுப்பு வளைவு, அதே அகட்டிய கால். (மீதி ஒருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) முன்பக்கம், முக்கால்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒவ்வொருவரையும் ஒழுங்காகத் திருப்பிக் காட்டியிருக்கிறாய். எல்லாக் கோணத்திலும் சும்மா நிற்கிறார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட எதையும் தூக்கவில்லை, இழுக்கவில்லை, துடைக்கவில்லை. வினாடிக்கு 24 சட்டகம் ஓடப்போகிற கலைக்கு ஆள் எடுக்கிறவர், இவள் நிறைந்த வாளியைத் தூக்கினால் எந்தத் தோள் இறங்கும், எந்தக் கால் முன்னே வரும் என்றுதான் தேடுவார். நீ அதற்குப் பதில் சொல்லவே இல்லை.

2007இல் தொடங்கிய உப்பின் இப்பின் அனிமேஷன் தொடரைச் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கியிருப்பாய். அதில் வரும் தோக் டாலாங் கிழவர் வயாங் கூலிட் என்ற நிழற்பாவைக் கூத்துக் கலைஞர். அங்கிள் முத்துவுக்கு ஒட்டுக்கடை. கிழவர் வரைக்கும் கைக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து அதை மட்டும் கவனித்துப் பார்.

இன்னொன்றையும் கேட்கிறேன். உன் கடிதத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு வரிகள், அதுவும் உன்னைக் கிளினிக்குக்கு அனுப்புகிறவராக. அவர் வேலை செய்யும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியுமா? பீங்கானில் செய்த கைகள், விரல்கள் கீழ்நோக்க, சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு நகரும். ரசாயனத் தொட்டியில் முங்கும், ரப்பர் பால் தொட்டியில் முங்கும், அடுப்புக்குள் போய் வெளியே வரும். கடைசியில் கையுறையை உரித்து எடுப்பார்கள். மைல் கணக்கில் கைகள் மட்டுமே நடந்து போகிற இடத்தில் உன் அம்மா நாள் முழுக்க நிற்கிறார், மகள் அனிமேஷன் படித்துவிட்டு இறக்கை வரைகிறாள்! அவர் எங்கே நிற்கிறார்? உரிக்கிற இடத்திலா, தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்க்கிற இடத்திலா, பெட்டியில் அடுக்குகிற இடத்திலா? வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எந்தச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்? அவர் தூங்கிய பிறகு வரைகிறேன் என்கிறாய். அவர் விழித்திருக்கும்போது வரை.

நம்மவர்கள் யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் 1978இல் சாங் கஞ்சில் என்ற சருகுமான் கதையை வைத்து மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படத்தைச் செய்தவர் பெயர் ஆனந்தம் சேவியர். படம் வெளியானது 1983இல். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு பேசு. ஒதுக்கல் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருக்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பன்னிரண்டு படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழக்கைப் பேச முடியாது.

கணினிப் பயத்தை நண்பர்களிடமே விட்டுவிடு.

கிளினிக்கில் சேர்ந்துகொள். கோலாலம்பூர் அறை வாடகையை யார் கட்டுவது? விண்ணப்பத்தைச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அனுப்பலாம். பாத்திர வடிவமைப்பு ஒன்றுக்கே போடாதே. ஒரு தொடருக்கு அந்த வேலையில் சிலர் போதும். அசைவு கொடுப்பவர், உருவம் அசைய உள்ளே எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங் செய்பவர், காட்சிகளைப் படவரிசையாக்கும் ஸ்டோரிபோர்டு வரைபவர் என்று மற்ற இடங்களுக்குத்தான் ஆட்கள் அதிகம் வேண்டும். கிளினிக் முகப்பில் உட்கார்ந்தால், இடுப்புவலிக்காரர் நாற்காலியில் எப்படி அமர்கிறார், காய்ச்சல் குழந்தையைத் தாய் எந்தத் தோளில் சாய்க்கிறாள் என்று தினமும் பார்க்கலாம். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள். முகங்களை மட்டும் வரையாதே. அவர்கள் நோயோடு வந்தவர்கள்.

அடுத்ததாக ஒரு நிமிடத்துக்கு ஒரு பெண் ஒரு மரத்தை வெட்டுவதைச் செய். வசனம் வேண்டாம், இசை வேண்டாம். முடித்ததும் முதலில் எனக்கு அனுப்பாதே. மரம் வெட்டிய யாராவது ஒரு பாட்டியிடம் போனில் ஓட்டிக் காட்டு. கால் வைக்கிற இடம் தப்பு என்பார். திருத்திவிட்டு மறுபடியும் காட்டு.

அந்தப் பன்னிரண்டாவது ஆள், நரிமுகக் கிழவர், அவரைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவருடைய இடத் தோள் இறங்கியிருக்கிறது, பையின் வார் சட்டையை இழுத்துக் கழுத்தைக் கோணலாக்கியிருக்கிறது. வரைந்தபோது அந்தப் பைக்குள் என்ன இருப்பதாக நினைத்தாய்? அடுத்த கடிதத்தில் எழுது.